சோசியோடிராமா பயிற்சிக்குப் போகலாமா? ஒரு பனியன் கம்பெனி வெல்ஃபேர் ஆபீசரின் கருத்து

500 பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்றது, 2025 வரை நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் நான். லீவு, சண்டை, ஹாஸ்டல் சாப்பாடு, குழந்தைகள் அறை எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். இது போக ஆடிட்டுக்காக நடத்தும் பயிற்சிகள் தனி. தீயணைப்பு, முதலுதவி, 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், குறை தீர்க்கும் குழு என்று வரிசையாக வரும். ப்ரொஜெக்டர் ஓடும், வடை வரும், கையெழுத்துப் பட்டியல் சுற்றும், போட்டோ எடுத்தால் முடிந்தது.

இதில் 'ரோல் பிளே' என்று ஒன்று உண்டு. கெட்ட சூப்பர்வைசர் திட்டுவார், நல்ல சூப்பர்வைசர் வந்து தன்மையாகப் பேசுவார், எல்லோரும் கை தட்டுவார்கள். வசனம் முன்பே எழுதியிருக்கும், பதிலும் முன்பே தெரியும். மறுநாள் காலை லைனில் அதே திட்டு, அதே குரல். இதைப் பார்த்துச் சலித்துப்போயிருந்த நேரத்தில்தான் கோவையில் சோசியோடிராமா பயிற்சி நடப்பதாக ஒரு தோழி சொன்னார். ஒரு குழுவின் பொதுப் பிரச்சினையைப் பாத்திரம் ஏற்று நடித்துப் பார்க்கும் முறை அது, நிறுவனங்களில் குழுக்களோடு வேலை செய்பவர்களுக்கானது என்றார். போய் வந்தேன். அதன் பிறகு எங்கள் கம்பெனியில் செய்தும் பார்த்துவிட்டேன். யாருக்கு இது உதவும், எங்கே காலை வாரும் என்று சொல்லலாம் என நினைக்கிறேன். நடத்தியவர்களின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். குறையும் சொல்லப்போகிறேன், அது தனிப்பட்ட சண்டையாக வேண்டாம்.

அமைப்பு இதுதான். மூன்று நாள் நேரடி வகுப்பு, அப்புறம் ஆறு மாதத்துக்கு மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ஆன்லைனில் கூடல். கட்டணம் ஜி.எஸ்.டி.யோடு சேர்த்தால் நல்ல கை ஓடுகிற ஒரு டெய்லரின் மாதச் சம்பளத்தைத் தொட்டுவிடும். சாப்பாடும் டீயும் அதில் அடக்கம், தங்குவது நம் செலவு. வந்தவர்கள் கலவையான கூட்டம். மில்களிலிருந்து எச்.ஆர். ஆட்கள், தொண்டு நிறுவனக்காரர்கள், ஆஸ்பத்திரி நர்ஸ்கள், ஒரு கல்லூரி ஆசிரியை, வங்கியில் பயிற்சி கொடுக்கும் ஒருவர்.

இடம் அவிநாசி ரோட்டில் ஒரு ஹோட்டலின் கான்ஃபரன்ஸ் ஹால். இந்த வேலைக்கு வெறும் தரை வேண்டும், எழுந்து நடமாட இடம் வேண்டும். அங்கே இருந்ததோ யானை மாதிரி மேசைகள். முதல் நாள் காலையில் பாதி நேரம் மேசை தூக்குவதிலேயே போனது. அப்புறம் ஹோட்டல் பையன்கள் நேரம் காலம் பார்க்காமல் டீ டிரேயோடு நுழைவார்கள். ஒருவர் குரல் தழுதழுக்கப் பேசிக்கொண்டிருக்கும்போது "சுகர் இல்லாதது யாருக்குங்க?" என்று கேட்டால் எப்படியிருக்கும்? இவ்வளவு பணம் வாங்குபவர்கள் கதவில் ஒரு ஆளை நிறுத்தியிருக்கலாம்.

சரி, உள்ளே நடந்ததற்கு வருவோம்.

நடத்திய அம்மா ஆங்கிலம் கலந்த கொங்குத் தமிழில் பேசினார். ஸ்லைடு ஒன்றுகூடக் கிடையாது. வரலாற்றைக் கதையாகவே சொன்னார். ஜேக்கப் லெவி மொரேனோ 1889-இல் புக்கரெஸ்டில் பிறந்தவர், வியன்னாவில் மருத்துவம் படித்தவர். முதல் உலகப் போர் முடிந்து, ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசு உடைந்து, நாட்டை யார் நடத்துவது என்று யாருக்கும் தெளிவில்லாத காலம். 1921 ஏப்ரல் 1 அன்று வியன்னாவில் ஒரு நாடக அரங்கில் திரையை விலக்குகிறார். உள்ளே நடிகரும் இல்லை, நாடகமும் இல்லை. ஒரு சிவப்புச் சிம்மாசனமும் கிரீடமும் மட்டும் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து உட்காருங்கள், இந்த நாட்டை எப்படி நடத்துவீர்கள் என்று சொல்லுங்கள், கூட்டம் தீர்ப்புச் சொல்லட்டும் என்கிறார். யாரும் தேறவில்லையாம். தனி மனிதரின் பிரச்சினையை நடித்துப் பார்க்கும் சைக்கோடிராமாவின் பிறந்தநாள் என்று பலரும் அந்தத் தேதியைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அன்றைக்கு மேடையில் இருந்தது தனி ஒருவரின் மனக்குறை இல்லை, ஒரு நாட்டின் குறை. அதனால் அது சோசியோடிராமாதான் என்றார் அந்த அம்மா. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இந்த வேறுபாட்டை அவர் மூன்று நாளும் விடாமல் பிடித்துக்கொண்டார். சைக்கோடிராமாவில் உங்கள் அப்பா, உங்கள் கணவர், உங்களுக்கு நடந்த ஒரு சம்பவம் வரும். சோசியோடிராமாவில் வருவது பதவியும் பாத்திரமும். 'சூப்பர்வைசர்', 'நர்ஸ்', 'கலெக்டர்', 'கடன் வாங்கியவர்' என்று அந்த இடத்தில் யார் உட்கார்ந்தாலும் பொதுவாக இருப்பது எதுவோ, அதுதான் இங்கே சரக்கு. முதல் நாளே நான் "எங்க மேனேஜர் ஒருத்தர் இருக்காருங்க..." என்று ஆரம்பித்தேன். "அந்த மேனேஜர் வேண்டாங்க அக்கா. மேனேஜர்னு ஒரு நாற்காலி போதும்" என்று நிறுத்திவிட்டார். கம்பெனிக்குள் இதைச் செய்ய முடியும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். ஆளைப் பற்றிப் பேசினால் புகார் ஆகிவிடும், நாற்காலியைப் பற்றிப் பேசினால் எல்லோரும் பேசலாம்.

இரண்டாம் நாள் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எதை எடுத்துக்கொள்வது என்று குழுவே முடிவு செய்ய வேண்டும். நாலைந்து பேர் ஆளுக்கொரு பிரச்சினையைச் சொல்லி நிற்க, மற்றவர்கள் தங்களுக்குப் பிடித்ததற்குப் பின்னால் போய் நின்றார்கள். 'வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட், புதன்கிழமை சாயங்காலம் வரை பேக்கிங் முடியவில்லை' என்பதற்குப் பின்னால்தான் நீள வரிசை. நாற்காலிகள் போட்டார்கள். செக்கிங் பெண், லைன் சூப்பர்வைசர், ஃபேக்டரி மேனேஜர், ஆர்டரையும் தேதியையும் பேசி முடிக்கும் மெர்ச்சண்டைசர் என்று ஆளுக்கொன்று. தூரத்தில் பையருக்கு, அதாவது சரக்கை வாங்குபவருக்கு ஒன்று, அது காலி. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கலர் துப்பட்டா. பனியன் தொழில் தெரிந்த எங்களைப் பெரும்பாலும் வெளியே நிறுத்திவிட்டு, தெரியாதவர்களைத்தான் உட்கார வைத்தார்.

செக்கிங் பெண்ணாகக் கல்லூரி ஆசிரியை. ஊசி ஓட்டை இருக்கிறது என்று ஒரு குவியலைத் தனியே ஒதுக்கிவைக்கிறார். சூப்பர்வைசராக ஒரு மில்லின் எச்.ஆர். பையன், இருபத்தைந்து வயது இருக்கும். "எல்லாத்தையும் பாஸ் பண்ணும்மா, கண்ணுக்குத் தெரியாத ஓட்டையெல்லாம் எவன் பாக்கப்போறான்" என்று கத்தினான். நன்றாகவே கத்தினான், வெளியே நின்ற எங்களுக்குச் சிரிப்புகூட வந்தது. உடனே "மாறுங்க" என்றார் அந்த அம்மா. துப்பட்டா கை மாறியது. ஆசிரியை அதே வசனத்தை அதே சத்தத்தில் திருப்பிச் சொன்னார். பையனுக்குப் பேச்சு வரவில்லை, மடியில் இருக்கிற கற்பனைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது வெளியே நிற்பவர்களில் யாராவது அவன் பின்னால் வந்து நின்று, அவனாகவே, 'நான்' என்று பேசலாம் என்றார். இதற்கு 'டபுள்' என்று பெயர். பின்னலாடைக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு பெண் போய் நின்று ஒரே வரி சொன்னார்: "நான் பாஸ் பண்ணினா பீஸ்ல ஒட்டற ஸ்டிக்கர்ல என் நம்பர்தான் இருக்கும், உங்க நம்பர் இல்ல."

அதைக் கேட்டு அந்தப் பையன் உருகிப்போகவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "அப்ப சூப்பர்வைசருக்கு மேல யாரு? அவரைக் கூப்பிடுங்க" என்றான். பயிற்சியின் உச்சம் எனக்கு அதுதான். மேனேஜர் நாற்காலியில் இருந்தவர் எழுந்து வந்தார், அவர் மெர்ச்சண்டைசரை இழுத்தார். டெலிவரி தேதிக்குத் தலையாட்டியது அவர்தானே. துணி டையிங்கிலிருந்து தாமதமாக வந்ததென்று தெரிந்தும் தேதியை ஏன் மாற்றிக் கேட்கவில்லை என்று மேனேஜர் கேட்க, மெர்ச்சண்டைசராக இருந்த நர்ஸ் திரும்பிப் பையர் நாற்காலியைப் பார்த்தார். அதில் யாரோ கைப்பையை வைத்திருந்தார்கள். "அந்தப் பையை எடுங்க" என்றார் நடத்திய அம்மா. எடுத்ததும் அதே நர்ஸைப் போய் அதில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சீசன் முடிஞ்சு வந்தா இந்தச் சட்டை எனக்கு எதுக்கு?" என்று கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. பதில் கண்டுபிடிக்கச் சொல்லி யாரும் நெருக்கவும் இல்லை. திட்டுகிற சூப்பர்வைசரைத் திருத்துவது என்று ஆரம்பித்தது, தேதி எங்கே தீர்மானமாகிறது என்கிற இடத்துக்கு வந்து நின்றது. நாங்கள் நடத்தும் ரோல் பிளேயில் இது ஒருநாளும் நடக்காது.

இதை நடத்துகிறவரின் வேலை கூத்தில் வரும் கட்டியங்காரன் வேலை மாதிரி. ஆட்டத்துக்குள்ளும் இருக்க வேண்டும், வெளியே கூட்டத்தோடும் நிற்க வேண்டும், ராஜாவையே நிறுத்திக் கேள்வி கேட்கலாம், ஆனால் கதையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளக் கூடாது. பார்க்கச் சுலபமாக இருந்தது. மூன்றாம் நாள் எங்களை நடத்தச் சொன்னபோதுதான் தெரிந்தது, 'மாறுங்க' என்று எந்த நொடியில் சொல்வது என்பதிலேயே பாதி வித்தை இருக்கிறது என்று.

முடிக்கும் முறையையும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் பாத்திரத்தில் இருந்தபடியே என்ன தோன்றியது என்று சொல்ல வேண்டும். அப்புறம் துப்பட்டாவை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, "நான் சூப்பர்வைசர் இல்லை, நான் இன்னார்" என்று சொந்தப் பெயரைச் சொல்லி வெளியே வர வேண்டும். அதற்குப் பிறகுதான் பார்த்தவர்கள் பேசலாம், அதுவும் தங்களுக்கு என்ன தட்டியது என்று மட்டும். அறிவுரைக்கு இடமில்லை. கடைசியாக, நம் வேலையிடத்துக்கு இதில் என்ன இருக்கிறது என்ற கலந்துரையாடல். ஒரு பெண் பாத்திரத்தில் பேசிக்கொண்டே தன் தங்கை கதைக்குள் போய்விட்டார், கண் கலங்கிவிட்டது. "இது டெய்லர் பேசறதா, நீங்க பேசறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டு, ஆட்டத்தை நிறுத்தி, இடைவேளை விட்டு, அவரோடு தனியாக உட்கார்ந்தார் அந்த அம்மா. அவருக்கு முழு மார்க் போடுவேன். அரைகுறையாகக் கற்றவர் கையில் அந்த இடம் விபரீதமாகியிருக்கும்.

சான்றிதழ் ஆசையில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொடுப்பது கலந்துகொண்டதற்கான தாள் மட்டும்தான். அமெரிக்காவில் சைக்கோடிராமா, சோசியோமெட்ரி (குழுவில் யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அளப்பது), குழு உளச்சிகிச்சைக்கான தேர்வு வாரியம் முதல் நிலைச் சான்றுக்கே 780 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. அதோடு ஒப்பிட்டால் மூன்று நாள் என்பது வாசல்படி. நடத்தியவர்களே இதை முதல் நாள் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள்.

இனி என் வருத்தம். வகுப்பில் நாங்கள் எல்லோரும் அந்நியர்கள். யார் சம்பளத்தையும் யாரும் குறைக்க முடியாது. கம்பெனியில் அப்படியா? சூப்பர்வைசர்களை வைத்து முதல் தடவை செய்தபோது புரொடக்ஷன் மேனேஜரும் வந்திருந்தார். 'என் லைனில் பிரச்சினை என்றால் வாய்விட்டுச் சொல்ல முடிகிறது' என்பவர்கள் இந்தச் சுவர் ஓரம், 'முடியவில்லை' என்பவர்கள் அந்தச் சுவர் ஓரம், நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்றேன். இதற்கு 'ஸ்பெக்ட்ரோகிராம்' என்பார்கள். மேனேஜர் விறுவிறுவென்று 'முடிகிறது' சுவருக்குப் போனார். சூப்பர்வைசர் அத்தனை பேரும் அவர் பின்னாலேயே போய் நின்றார்கள். ரேஷன் கடை வரிசை கெட்டது.

நாற்காலி மாறினாலும் அதிகாரம் அறையை விட்டுப் போவதில்லை. நிறுவனத்துக்குள் சோசியோடிராமா செய்பவருக்கு இதைவிட முக்கியமான பாடம் இருக்க முடியாது. இந்தப் பயிற்சியிலோ அது மூன்றாம் நாள் கடைசியில், எல்லோரும் பஸ் நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "நிர்வாகத்தோட முன்னாடியே பேசி வெச்சுக்குங்க" என்று ஒரு வரியில் போய்விட்டது. என்ன பேசுவது? யார் அறைக்குள் இருக்கலாம், யார் கூடாது? உள்ளே சொன்னது வெளியே போனால் யார் பொறுப்பு? இதற்கு அரை நாளாவது ஒதுக்கியிருக்க வேண்டும். விளம்பரத்தில் 'நிறுவனங்களுக்கு' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்களே.

இதற்கு வழி கிடைத்தது ஆன்லைன் கூடலில். அதுவும் பெரும்பாலும் உடன் படித்தவர்களிடமிருந்து. மேல்மட்டத்துக்குத் தனியாக ஒரு அமர்வு முதலில், தொழிலாளர்களுக்குத் தனியாக ஒன்று, இரண்டு பக்கமும் சம்மதித்தால் மட்டும் சேர்த்து. சேர்த்து நடத்தும்போது மேனேஜர் கடைசியாகத்தான் இடம் பிடிக்க வேண்டும். சின்ன மாற்றம்தான், ஆனால் சுவரோரக் கூட்டம் உடனே கலைந்தது. இந்தச் சனிக்கிழமைகள் இல்லையென்றால் நான் முதல் தடவையோடு மூட்டை கட்டியிருப்பேன். நேரடி வகுப்பு மட்டும் போதும், ஆன்லைன் வேண்டாம் என்று கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இன்னொரு சிக்கல் தொடுவது. யாரை நம்புகிறீர்களோ அவர் தோளில் கை வையுங்கள் என்று ஒரு பயிற்சி. கோவை ஹோட்டலில் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் லைனில் ஆணும் பெண்ணும், உள்ளூர்க்காரர்களும் ஒடிசா, பீகார் பிள்ளைகளும் கலந்து நிற்கும்போது யார் தோளில் யார் கை வைப்பது? சாயங்காலத்துக்குள் அது வேறு கதையாகிவிடும். நான் கட்டிங் வேஸ்ட்டில் வரும் பனியன் துணி நாடாக்களை ஆளுக்கொன்று கொடுத்தேன். "லீவு கேட்கப் பயமா இருந்தா முதல்ல யார்கிட்ட சொல்வீங்களோ, அவங்க கையில குடுங்க." தமிழிலும் இந்தியிலும் சொன்னோம். சூப்பர்வைசர்கள் கையில் ஒன்றிரண்டு விழுந்தன. என் கையிலும் சில வந்தன, சந்தோஷம்தான். பெண்களில் பெரும்பாலோர் போய்க் கொடுத்தது குழந்தைகள் அறை ஆயாவிடம். வேடிக்கை பார்க்க வந்து கதவோரம் நின்றவர் அவர். கை நிறைய நாடாவோடு "எனக்கு எதுக்கு கண்ணு இதெல்லாம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே புரொடக்ஷன் மேனேஜர் என் மேசைக்கு வந்து, யார் யார் யாரிடம் கொடுத்தார்கள் என்று பட்டியல் கிடைக்குமா என்றார். பட்டியல் எடுக்கவில்லை, போட்டோவும் எடுக்கவில்லை என்றேன். யார் யாரிடம் போகிறார்கள் என்பது தெரிந்தால் உதவவும் செய்யலாம், ஆளைப் பிரித்துப் போடவும் செய்யலாம். இதைப் பற்றியும் வகுப்பில் ஒரு சொல் இல்லை. அங்கே சொன்ன கதையிலேயே அதற்கான பதில் இருந்தது என்பதுதான் விசேஷம். மொரேனோ அமெரிக்கா போன பிறகு 1930-களில் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊரில் பெண் பிள்ளைகளுக்கான சீர்திருத்தப் பள்ளி ஒன்றில் வேலை செய்தார். யாரோடு ஒரே வீட்டில் இருக்க விரும்புகிறீர்கள் என்று பிள்ளைகளிடமே கேட்டு, அதை வைத்து வீடு ஒதுக்கச் செய்தார். தேர்வு செய்யச் சொன்னால் அதை நடத்திக் காட்ட வேண்டும், வெறும் தகவலுக்காகக் கேட்கக் கூடாது என்பது அவர் கட்சி. எங்கள் ஹாஸ்டல் அறை ஒதுக்கீட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆயாவைக் குறை தீர்க்கும் குழுவில் சேர்க்க நிர்வாகம் ஒப்புக்கொண்டுவிட்டது.

கையேடு பற்றிச் சொல்ல அதிகமில்லை. முழுக்க ஆங்கிலம், அதுவும் மங்கலான ஜெராக்ஸ். தமிழில் சொல்லிக்கொடுத்துவிட்டு ஆங்கிலத்தில் தாள் கொடுத்தால், என் கீழே வேலை செய்யும் பெண்களுக்கு நான்தான் உட்கார்ந்து எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சாப்பாடு பிரமாதம், மதியம் பள்ளிபாளையம் சிக்கன் போட்டார்கள். அதற்குப் பிறகு எழுந்து நடமாடச் சொன்னது மட்டும் கொடுமை.

போகலாமா என்றால், ஏற்கெனவே குழுக்களோடு உட்கார்ந்து பழக்கம் உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். டீம் பில்டிங்குக்கு நாலு விளையாட்டு தெரிந்துகொள்ள வேண்டும் என்பவர்களுக்கு இது தேவையில்லை, காசு வீண். பணம் கட்டுமுன், நிர்வாகத்தோடு ஒப்பந்தம் பேசுவது பற்றி எவ்வளவு நேரம் ஒதுக்குகிறீர்கள் என்று போன் பண்ணிக் கேளுங்கள். அப்படி நாலு பேர் கேட்டால் அடுத்த பேட்ச்சில் மாற்றுவார்கள். முடிந்தால் தனியாகப் போகாமல் உற்பத்திப் பக்கம் இருந்து ஒருவரை இழுத்துக்கொண்டு போங்கள். எங்கள் கம்பெனியிலிருந்து அடுத்த பேட்ச்சுக்கு அந்தப் புரொடக்ஷன் மேனேஜர் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன். அவர் சரி என்றுவிட்டார், அக்கவுண்ட்ஸ்தான் இன்னும் ஓகே சொல்லவில்லை.